பாலுக்கு ஆற்றை ஊற்றியவர்

கிள்ளான் ஆற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று பிரிக்பீல்ட்ஸில் முதன்முதலாகக் குரல் கொடுத்தவர் பால்காரர் பக்கிரிசாமி. ஆற்றின் மேல் அவருக்கு இருந்த அக்கறையை யாரும் சந்தேகிக்க முடியாது. தினமும் விடியற்காலையில் அவர் தம் பாலில் ஊற்றிக்கொண்டிருந்தது அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான்.

இதை அவர் வெளியே சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படியான காரியமும் இல்லை. "தண்ணி படாத பாலு!" என்று சைக்கிளில் கூவிக்கொண்டு அவர் ரயில்வே ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழையும்போதுதான் அந்தப் பக்கத்துச் சேவல்களே கண்ணைத் திறக்கும். மாரியம்மன் கோயில் அபிஷேகத்துக்கும் அவர் பால்தான். அம்மனும் ஒருநாள் கூடக் குறை சொன்னதில்லை.

தண்ணீர் வேண்டுமென்றால் தெருக்குழாய் இருக்கிறதே என்று கேட்கலாம். இருந்தது. அம்பாங் மலைத் தண்ணீர், தித்திக்கும். ஆனால் குழாயடியில் எந்நேரமும் பெண்கள் கூட்டம். அத்தனை பேர் வீட்டுக்கும் பால் ஊற்றுகிறவர் பக்கிரிசாமி. பால் கேனைத் தூக்கிக்கொண்டு அவர் அந்த வரிசையில் எப்படிப் போய் நிற்பார்? ஆறு அப்படியில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், மூங்கில் புதருக்கு அப்பால், பார்த்தும் பாராததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். யாரிடமும் போய்ச் சொல்லாது.

பெரிய வெள்ளம் வந்து போன நாலைந்து வருஷத்தில், ஆற்றின் மேல்பக்கம் புதிதாக ஒரு லம்பம் திறந்தார்கள். லம்பம் என்றால் ஈயம் தோண்டுகிற பள்ளம். பெரிய குழாயில் தண்ணீரைப் பீய்ச்சிக் குன்றைக் கரைப்பார்கள். ஈயத்தை எடுத்துக்கொண்டு, மிச்சமான குன்றை ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஒரே மாதத்தில் ஆறு தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. சலவைக்காரர்கள் வெள்ளை வேட்டியை முக்கி எடுத்தால் சாமியார் வேட்டியாக வந்தது. கெளுத்தி மீன்கள் வழி தெரியாமல் கரையேறி ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து போனதாகவும், டிக்கெட் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டதாகவும் பக்கிரிசாமி பின்னாளில் சொல்லுவார். நடந்து போனதை நம்புவது கஷ்டம். டிக்கெட் விஷயம் உண்மையாக இருக்கலாம். அந்தக் காலத்து ரயில்வேயில் கண்டிப்பு அதிகம்.

ஆறு கலங்கியதும் பாலும் கலங்கியது.

முதலில் கேட்டவள் தயிர்க்காரி வீரம்மா. லயத்து முனையில் தயிரும் மோரும் விற்கிறவள். அவளுக்குப் பால் கொடுக்கிறவரும் பக்கிரிசாமிதான்.

"என்ன அண்ணே, பாலு செவந்து கெடக்கு?"

"மாடு மாசமா இருக்கு தாயீ."

"மூணு மாடுமா?"

"ஒரே கொட்டாய்ல நிக்குதுங்கல்ல."

அடுத்த வாரம் கேட்டபோது, செவலை மாட்டுப் பால் செவலையாகத்தான் இருக்கும் என்றார்.

"அப்ப எருமைப் பாலு கறுப்பா இருக்கணுமே அண்ணே?"

"பாத்துக்கிட்டே இரு. வரும்."

ஊரில் இதனால் சந்தோஷப்பட்ட ஆள் ஒருவர் உண்டு. தேநீர் விற்கிற ஒட்டுக்கடை உமர் ராவுத்தர். பால் கடைக்கு வரும்போதே தேநீர் நிறத்தில் வந்துவிடுவதால் அவருக்குத் தேயிலைச் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது. அது மட்டுமல்ல. டம்ளரின் அடியில் கரிய பொடியாக ஏதோ தங்கியது. ஆற்று மணலை மரத்தட்டில் அலசி ஈயம் பொறுக்கும் சீனத்தி ஒருத்தி எப்படியோ மோப்பம் பிடித்து வந்து, கடையின் எச்சில் டம்ளர்களை எல்லாம் தானே கழுவித் தருகிறேன் என்று கேட்டாள். தினமும் சாயங்காலம் தட்டோடு வந்து உட்கார்ந்து டம்ளர்களை அலசுவாள். டம்ளர் கழுவுகிற பையனின் கூலியும் மிச்சம். "அல்லா பாத்துக் குடுத்த பாலு" என்று ராவுத்தர் கண் கலங்கினார்.

மற்றவர்கள் அப்படிக் கலங்கவில்லை. ஒவ்வொரு வீடாக டின் பாலுக்கு மாறினார்கள். லயத்தில் பக்கிரிசாமி கூவிக்கொண்டு போனால் கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு வீட்டில் டின் பால் டப்பாவை அவர் கண்ணில் படும்படி சன்னலிலேயே வைத்திருந்தார்கள்.

"தண்ணி ஊத்தாம வித்தா என்ன?" என்று கேட்டாள் அவர் மனைவி பவுனம்மாள்.

மதம் மாறச் சொன்னதுபோல் அவளைப் பார்த்தார் பக்கிரிசாமி. "மூணு மாடு கறக்கறது இத்தனை வீட்டுக்குப் போதுமா? பாதி வீட்டுக்குப் பாலு இல்லேன்னு சொல்லணும். இத்தன நாளா மட்டும் எப்படிய்யா ஊத்துனேன்னு கேப்பான். அப்ப என்ன சொல்றது?"

"அப்ப ஆத்தத்தான் வெள்ளையாக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் சாணி அள்ளப் போனாள்.

கேலிக்குச் சொன்னாள். பக்கிரிசாமி கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளே அவர் ராதாகிருஷ்ணன் கிராணியைப் போய்ப் பார்த்தார். ரயில்வேயில் கணக்கு எழுதுகிற கிராணி. சங்கம் என்று யாராவது தும்மினால்கூடப் போதும், அவர் நாற்காலிகளை வட்டமாகப் போடத் தொடங்கிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ராவுத்தர் கடை வாசலில் "கிள்ளான் ஆற்றுப் பாதுகாப்புச் சங்கம்" பிறந்தது. சலவைக்காரர்கள் வந்தார்கள், மீன் பிடிக்கிறவர்கள் வந்தார்கள், ஆற்றில் குளிக்கப் போய்ப் போனதைவிட அழுக்காகத் திரும்பியவர்கள் எல்லோரும் வந்தார்கள். ராவுத்தர் மட்டும், ஆறு இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று அபிப்பிராயம் சொன்னார்.

பக்கிரிசாமி எழுந்து பேசினார். அதுவரை பால் விலையைத் தவிர வேறு எதையும் அவர் நாலு பேர் முன்னால் பேசியதில்லை.

"ஆறு நமக்குத் தாய் மாதிரி. அந்தத் தாய் கலங்கிப் போய் நிக்கிறா. நான் காலைல எந்திரிச்சா மொதல்ல அவ மொகத்துலதான் முழிக்கிறேன். அவ இல்லாம எம் பாலு..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார். மேலே பேச வரவில்லை.

துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று கூட்டம் நினைத்தது. தையல்காரர் வாசு மூக்கைச் சிந்தினார். பக்கிரிசாமியைத் தலைவராக்கினார்கள்.

கிராணி தமக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் போட்டு ஒரு மனு எழுதினார். அதன் கனம் தாங்காமலோ என்னவோ, தண்ணீர் விவகாரங்களைப் பார்க்கிற துரை ஒருவர் நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் அனுப்பினார். வியாழக்கிழமை காலையில் வருகிறாராம்.

துரை வருவது சங்கத்துக்குத் தெரிந்தது. சங்கத்துக்குத் தெரிந்தால் ராவுத்தர் கடைக்குத் தெரியும். ராவுத்தர் கடைக்குத் தெரிந்தால், அங்கே தேநீர் குடிக்க வருகிற லம்பத்துக் கங்காணி இராமலிங்கத்துக்குத் தெரியாமல் இருக்குமா? செவ்வாய்க்கிழமையே லம்பத்து வாய்க்காலை மண் மூட்டை போட்டு அடைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் சங்கத்தார் மாலையும் கையுமாக ஆற்றங்கரைக்குப் போனார்கள். ஆறு கண்ணாடிபோல் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. யாரோ எப்போதோ தொலைத்த பல்செட்டு ஒன்று அடியில் சிரித்துக்கொண்டிருந்தது.

துரை குனிந்து பார்த்தார். தம் தொப்பியைத் தண்ணீரில் பார்த்து, அதைச் சரிசெய்துகொண்டார். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றார் பக்கிரிசாமி.

"நல்ல ஆறுங்கிறாரு" என்றார் கிராணி, அழாத குறையாக.

கங்காணி இராமலிங்கம் துரைக்குப் பின்னால் நின்று மீசையை நீவினார். "நாங்க அப்பவே சொன்னோம்லா. இவங்களுக்கு வேல இல்ல. கலங்குச்சு கலங்குச்சுன்னு சும்மா கத்துறாங்க."

துரை காரை நோக்கித் திரும்பிய நேரத்தில்தான் வீரம்மா வந்தாள். தலைமேல் ஒரு கூடை, இடுப்பில் ஒரு கூடை. அவள் ஆற்றைக் காப்பாற்ற வரவில்லை. ஒரு வாரமாக விற்காமல் கிடந்த தயிரை எல்லாம் தலைவரின் முகத்தில் கவிழ்க்க வந்திருந்தாள். அதற்கு நாலு பெரிய மனிதர்கள் கூடியிருக்கிற இடம் வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

"யோவ் தலைவரே! மாலையும் கையுமாவா நிக்கிறே? இந்தா, நீ குடுத்த பாலு. ஒரு பய வாங்கல!" என்று சட்டிகளைக் கரையில் வரிசையாக இறக்கினாள்.

புளித்த வாடை எழுந்தது. துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாலும், நின்றார். சட்டிகள் அப்படி இருந்தன. வீரம்மா ஒவ்வொன்றாகக் கிழமை சொல்லிக் காட்ட, கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். வெள்ளிக்கிழமைத் தயிர் தேத்தண்ணி நிறம். சனிக்கிழமை அதைவிடக் கெட்டி. ஞாயிற்றுக்கிழமைச் சட்டி மட்டும் மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை. திங்கட்கிழமை மறுபடி செம்மண். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமைத் தயிர் மறுபடியும் மல்லிகைப்பூ.

துரை அந்தச் சட்டிகளையே பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை என்ன?" என்று கேட்டார்.

"லம்பம் லீவு" என்றாள் வீரம்மா, யாரும் தமிழாக்குவதற்கு முன்பே.

"நேற்று?" என்றார் துரை.

"நேத்து நீங்க வர்றீங்கன்னு தெரியும்."

கிராணி அதை மொழிபெயர்க்கும்போது அவர் குரலில் ரயில் எஞ்சின் கிளம்பும் உற்சாகம் இருந்தது. கங்காணி மீசையை விட்டுவிட்டார். ஆனால் அந்த மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை.

"தொரை, ஒரு நிமிசம். இது பாலு. ஆறு இல்ல. மாட்டு மடிக்கும் ஆத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்தாளு பாலுல ஆத்துத் தண்ணிய ஊத்துனாத்தானே ஆத்து நெறம் தயிருக்கு வரும்? இவரு தண்ணி படாத பாலுன்னு ஊரெல்லாம் கூவுறாரு. அப்ப இந்தச் சட்டிக்கும் எங்க லம்பத்துக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. இல்ல, ஊத்துறேன்னு சொல்றாரா? முனீஸ்வரர் இருக்காரு. சூடத்த அணைச்சிச் சொல்லச் சொல்லுங்க!"

ஆற்றங்கரை ஆலமரத்தடியில் முனீஸ்வரர் சூலம் நட்டிருந்தது. கங்காணி மடியிலிருந்தே சூடம் எடுத்தார். ஏற்றினார்.

பக்கிரிசாமி எரிகிற சூடத்தைப் பார்த்தார். ஊற்றவில்லை என்றால் பேர் பிழைக்கும், ஆறு போய்விடும், ஆறு போனால் பாலும் போய்விடும். ஊற்றினேன் என்றால் ஆறு பிழைக்கும், பேர் போய்விடும், பேர் போனால் அப்போதும் பால் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் மாட்டை விற்றுவிட்டுக் கப்பலேற வேண்டியதுதான் என்று தோன்றியது. மாட்டின் மடியைத் தொட்டு வேண்டுமானால் அவர் பொய் சொல்லியிருப்பார். முனீஸ்வரர் வேறு மாதிரி. ராத்திரியில் வீட்டுக்கு வந்து கேட்பார்.

சூடத்தின் மேல் கையை வைத்து அணைத்தார்.

"ஊத்துறேன். தெனமும் ஊத்துறேன். இருவது வருசமா ஊத்துறேன்."

"எவ்வளவு?" என்று துரை கிராணி மூலமாகக் கேட்டார்.

"பாதிக்குப் பாதி."

பக்கிரிசாமி கண்ணை மூடிக்கொண்டார். முதல் தயிர்ச் சட்டி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

சட்டி வரவில்லை. விசும்பல் சத்தம் வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் தையல்காரர் வாசு.

"ஆத்துக்காகத் தன் பேரையே கெடுத்துக்கிறாரே மனுசன்! பாதிக்குப் பாதியாம்! அம்மனுக்கு அபிசேகப் பாலு குடுக்கிற கையி, அது ஊத்துமா?"

"அதுவும் சூடத்துல கைய வச்சிக்கிட்டுல்ல பொய் சொல்றாரு" என்றார் இன்னொருவர். "அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?"

"நெசமாத்தாங்க ஊத்துறேன்!" என்று கத்தினார் பக்கிரிசாமி.

"பாத்தீங்களா, இன்னமும் விட்டுக்குடுக்கல!" என்று கூட்டம் நெகிழ்ந்தது.

கிராணிக்கு வேறு கவலை. தலைவரைப் பொய்யர் என்றும் சொல்ல முடியாது, கலப்படக்காரர் என்றும் சொல்ல முடியாது. துரையிடம் அவர் இப்படி விளக்கினார்: எங்கள் ஜனங்கள் ஆற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிடுவார்கள். எங்கள் தலைவர் பக்தியில் ஒரு படி மேலே போய், பாலுக்கு ஆற்றை ஊற்றிக் கும்பிடுகிறார்.

துரை தொப்பியைக் கழற்றினார். இப்படி ஒரு சம்பிரதாயத்தை இந்த நாட்டில் எங்குமே பார்த்ததில்லை என்றார். அது உண்மைதான்.

வீரம்மா ஒருத்திதான் ஏமாறவில்லை. "பாதிக்குப் பாதியா? கொறச்சுல்ல சொல்றாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டிகளை அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டியைத் துரை கேட்டு வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு போனார்.

லம்பத்துக்கு உத்தரவு போனது. கலங்கல் தண்ணீரைக் குளம் வெட்டித் தேக்கி, மண்ணைத் தெளியவிட்டுத்தான் ஆற்றில் விட வேண்டும். குளம் வெட்டினார்கள். ஆறு தெளிந்தது. டின் பாலுக்குப் போன வீடுகள் பக்கிரிசாமிக்காக மறுபடி சொம்பைக் கழுவி வைத்தன. கெளுத்திகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை நடந்து வந்தனவா, நீந்தி வந்தனவா என்று தெரியவில்லை.

ஆறு தெளிந்த மறுநாள் விடியற்காலையில் பக்கிரிசாமி குடத்தை எடுத்துக்கொண்டு, பழைய பாட்டு ஒன்றை முனகியபடி, மூங்கில் புதரை விலக்கினார்.

அங்கே ஒரு பெஞ்சு போட்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. கூரையில் ஒரு பலகை: கிள்ளான் ஆற்றுப் பாதுகாப்புச் சங்கம்.

"வாங்க தலைவரே!" என்று வாசு எழுந்து கும்பிட்டார். "ஆத்துல ஒரு பய கைய வைக்கக்கூடாதுன்னு காவல் போட்டுட்டோம். எங்க போடுறதுன்னு யோசிச்சோம். உங்க கொட்டாய்க்குப் பின்னாடி போட்டாத்தான் மரியாதின்னு கிராணி சொன்னாரு. மொற வச்சிருக்கோம். ராத்திரி பகல் பாக்க மாட்டோம்."

"ரொம்பச் சந்தோசம்" என்றார் பக்கிரிசாமி.

"கொடம் எதுக்கு தலைவரே?"

"சும்மா. ஆத்துக்குக் காட்டலாம்னு."

அன்றைக்குத்தான், பால் தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, அவர் தண்ணீர் படாத பாலை ஊற்றினார். பாதி வீட்டுக்குக் கால்படியும் மீதி வீட்டுக்குச் சமாதானமும் கொடுத்துவிட்டு வந்தார். "தண்ணி படாத பாலு" என்று கூவக்கூட அவருக்கு மனம் வரவில்லை. உண்மையாகிவிட்ட பிறகு அதில் என்ன சுவை இருக்கிறது?

மறுநாள் லயம் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"என்னண்ணே பாலு இது? கரண்டி நிமிந்து நிக்கிது! பச்சரிசி மாவு கலக்குறீங்களா?"

"எம் புள்ள ராவெல்லாம் ஏப்பம் விடுதுண்ணே."

"தலைவரானதும் புத்தி மாறிருச்சு. முன்ன எப்படி இருந்த பாலு! எத்தன சொம்பு குடிச்சாலும் வயித்துல இருக்கிறதே தெரியாது."

வீரம்மாவின் தயிரை அரிவாள்மணையில் அறுத்து விற்க வேண்டியிருந்தது. ராவுத்தர் நேரே கொட்டகைக்கே வந்து நின்றார். பால் வெள்ளையாகிவிட்டது, கெட்டியாகவும் ஆகிவிட்டது. எவ்வளவு தேயிலை போட்டாலும் நிறம் ஏறவில்லை. சீனத்தி தட்டை எடுத்துக்கொண்டு கோபமாகப் போய்விட்டாள்.

"அண்ணே, பழைய பாலக் குடுங்க. கலர் வேணாம். தண்ணியாவது குடுங்க."

"நான் தண்ணி ஊத்துறதில்ல ராவுத்தரே" என்றார் பக்கிரிசாமி, பெஞ்சுப் பக்கம் ஏக்கத்தோடு பார்த்தபடி. அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் இவ்வளவு துயரமாக ஒருநாளும் வந்ததில்லை.

விஷயம் சங்கத்துக்குப் போனது. காவல் பெஞ்சைச் சுற்றி நாற்காலி போட்டுக் கூட்டம் கூடினார்கள். கலப்படம் செய்கிற ஆளைத் தலைவராக வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்டார்கள். தலைவர் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார் என்றார். அவர் சூடத்தின் மேலேயே பொய் சொல்கிறவர் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்ததால் அது எடுபடவில்லை.

அப்போது பவுனம்மாள் கொட்டகை வாசலிலிருந்து பேசினாள். அவள் சங்கத்தில் உறுப்பினர் இல்லை; பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தினமும் மோர் கொடுக்கிறவள்.

"ஏங்க, லம்பத்துக்காரன் மறுபடி கலங்கல விட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்? இருட்டுல விட்டான்னா? பெஞ்சியில உக்காந்து கொறட்டை விடறவங்களுக்குத் தெரியுமா? ஆத்தப் பாத்துத் தொரையே ஏமாந்தாரு. தயிரப் பாத்துத்தானே புடிச்சாரு?"

கிராணி மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் முகத்தில் ஒரு தீர்மானம் உருவாகிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஒருமனதாக நிறைவேறியது: ஆற்றின் தூய்மையைச் சோதிக்கும்பொருட்டு, தலைவர் அவர்கள் தினமும் காலையில் சங்கத்தார் முன்னிலையில் ஆற்றுத் தண்ணீரைப் பாலில் ஊற்றி நிறம் பார்க்க வேண்டியது. நிறம் மாறினால் எல்லோரும் அந்தக் கணமே லம்பத்துக்குக் கிளம்ப வேண்டியது.

"எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்டார் வாசு. "ஒரு சொம்பு போதுமா?"

"ஆறு எவ்வளவு பெரிசு! ஒரு சொம்புல என்னத்தத் தெரியும்?" என்றார் ராவுத்தர் அவசரமாக.

"பாதிக்குப் பாதி" என்றாள் வீரம்மா. "அதானே சாமி முன்னால சொன்ன அளவு. அதுக்கு மேல ஒரு துளி போனா நான் சட்டியோட வருவேன்."

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் ஆற்றங்கரையில் ஊரே கூடியிருந்தது. வாசு மாலையோடு நின்றார். பக்கிரிசாமி துறையில் இறங்கிக் குடத்தை முக்கி எடுத்தார். தண்ணீர் பளிங்காக இருந்தது. கேன் மூடியைத் திறந்தார். ஊற்றுவதற்குக் குடத்தைச் சாய்க்கும்போது, பழக்க தோஷம், யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தட்டினார்கள்.